பிள்ளை இருக்கு

செருப்பை வெளியே விட்டுவிட்டு வரவும் என்று கதவில் ஒட்டியிருந்த காகிதத்தை மாரக்காள் இரண்டு தரம் படித்தாள்.

"கோயில் மாதிரியே வெச்சிருக்காங்கண்ணா. உள்ள தேங்காய் ஒடைக்கச் சொல்லுவாங்களோ என்னமோ."

"அதெல்லாம் ஒடைச்சாச்சு. கீழ பாரு," என்றார் நாச்சிமுத்து.

நிலைப்படியின் இரண்டு பக்கமும் குங்குமம் தடவிய பூசணிக்காய்த் துண்டுகள் காய்ந்து கிடந்தன. மேலே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின. கதவிடுக்கு வழியாக ஏசியின் குளிர் கசிந்து வந்து கால்விரல்களைத் தொட்டது.

நாச்சிமுத்து சேலம் செவ்வாய்ப்பேட்டையில், ஒரு மிளகாய் மண்டிக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே வருகிறவர்கள் முதலில் தும்மிவிட்டுத்தான் வழக்கைச் சொல்வார்கள். மாரக்காள் அவருடைய உதவியாளர். ஆறு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சையெல்லாம் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்து, பதில் சொல்லும் ஆசை தாங்காமல் அந்த வேலையை விட்டவள்.

அன்று காலை பள்ளிபாளையத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் சின்னுசாமி. காவிரிக் கரையோரம் அறுபது தறி ஓட்டுகிறவர். எண்பத்தி எட்டில் சேலை டிசைன் போடுவதற்கென்று ஒரு கம்ப்யூட்டரை வாங்கி, தறிக்கூடத்துக்குப் பின்னால் தனி அறை கட்டி வைத்தார். அந்த கம்ப்யூட்டரில் பேய் புகுந்துவிட்டது என்று போனில் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது. அதனால் "ஒரு சின்ன கோளாறுங்க" என்று மட்டும் சொன்னார்.

உள்ளே போனதும் முதலில் தெரிந்தது திரை இல்லை. அதன் முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணிதான். அறுபது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சள் பை. குளிருக்கு முந்தானையைத் தோளில் இழுத்துப் போர்த்தியிருந்தார். யார் வந்தது என்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வசந்தாமணியோட அம்மாங்க. அங்கம்மா," என்றார் சின்னுசாமி, குரலைத் தாழ்த்தி. "திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து தினமும் மொத பஸ்ஸுல வந்துருவாங்க. பொழுதோட எந்திரிச்சுப் போவாங்க. வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலீங்க."

"வசந்தாமணி யாருங்க?"

"இந்த மிஷினைப் பாத்துக்கிட்டிருந்த புள்ளைங்க. கோயமுத்தூர்ல படிச்சது. இங்கதான் ஆஸ்டல்ல இருந்துச்சு. போன ஆடிப்பெருக்கு அன்னைக்கு ஆத்துல விழுந்துருச்சு. பாலத்துக் கைப்பிடிச் சுவரோரம் செருப்பும் பையும் மட்டும் கெடந்துச்சு. ஆத்துல அப்போ தண்ணி ரெண்டு கரையும் தொட்டுப் போச்சுங்க. ஒடம்பு கெடைக்கவே இல்ல."

முக்காலியில் இருந்தவர் அசையவில்லை.

சின்னுசாமி திரையைக் காட்டினார். கறுப்புப் பின்னணியில் ஒரு மயில் பார்டர், ஒரு கட்டத்துக்குள் விரிந்திருந்தது. பக்கத்துக் கட்டத்தில் நூல் நிறங்கள். அந்தக் கட்டங்களை ஜன்னல் என்று சொல்வார்களாம். ஒவ்வொரு ஜன்னலிலும் ஒரு வேலை. வேண்டும்போது உண்டாக்கலாம், வேலை முடிந்தால் அழிக்கலாம். மெஷினோடு இப்படி ஒரு வசதி வரவில்லை. அதற்கான புரோகிராமை இந்த அறையிலேயே உட்கார்ந்து எழுதினார்கள்.

வலது மூலையில் தீப்பெட்டி அளவுக்கு இன்னொரு ஜன்னல் இருந்தது. அதற்குள் ஒரே எழுத்து. 'வ'. அதன் பக்கத்தில் வெள்ளைக் கோடு ஒன்று விட்டு விட்டு மின்னியது. கோடு மறைந்தால் வ. கோடு வந்தால் வா. வ. வா. வ. வா.

மாரக்காள் கையைத் தேய்த்துக்கொண்டாள். "ஏசியைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்கண்ணா," என்றாள். அது ஏசிக் குளிர் இல்லை என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும்.

"அவ போன மறுநாள் மிஷினைப் போட்டப்பவே இது வந்துருச்சுங்க. மூணு மாசமாப் போகல. ஆப்பரேட்டர் புள்ளைங்க ரெண்டு பேரும் வேலைக்கே வர மாட்டேங்குதுங்க. இதுகூடப் பரவால்லீங்க. இதை மூடப் பாத்தா ஒண்ணு வருது பாருங்க, அதுதான்..." சின்னுசாமி அங்கம்மாளைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்.

"சொல்லுங்க சாமி," என்றார் அங்கம்மாள், திரையைப் பார்த்தபடியே. "ஊரே சொல்லுது. நீங்க சொன்னா என்ன."

கதவு திறந்து ஒரு இளைஞன் உள்ளே வந்தான். முப்பது வயதுக்குள். மடிப்புக் கலையாத சட்டை. கருப்பண்ணன் என்று சின்னுசாமி அறிமுகப்படுத்தினார். வசந்தாமணியோடு வேலை பார்த்தவன். இப்போது மெஷின் அவன் பொறுப்பில் இருந்தது. இந்த ஜன்னல் புரோகிராமைப் பார்த்து அசந்துபோய் பெங்களூர்க் கம்பெனி ஒன்று அவனை அமெரிக்காவுக்கு அனுப்புகிறது. இன்னும் பத்து நாளில் விமானம்.

"அப்போ இதை எழுதினது நீங்கதானா?" என்றார் நாச்சிமுத்து.

"ஆமாங்க. அவங்க டைப் அடிச்சுக் குடுத்தாங்க."

"அந்தச் சின்ன ஜன்னலைக் கொஞ்சம் மூடிக் காட்டுங்க."

கருப்பண்ணன் நின்றபடியே குனிந்து, கீபோர்டில் நான்கைந்து எழுத்துகளைத் தட்டினான். மெஷின் 'டிங்' என்றது. திரையின் அடியில், தறிக் கட்டங்களைப் போலப் புள்ளி புள்ளியாக, இரண்டு சொற்கள் எழுந்தன.

பிள்ளை இருக்கு.

அங்கம்மாள் கண்களை மூடிக்கொண்டார்.

கல்யாணமாகாத பெண். ஆற்றில் விழுந்தவள். இறந்த பிறகு மெஷினுக்குள்ளிருந்து பிள்ளை இருக்கிறது என்கிறாள். ஆப்பரேட்டர் பெண்கள் தறிக்காரர்களிடம் சொன்னார்கள். தறிக்காரர்கள் டீக்கடையில் சொன்னார்கள். ஆற்றில் விழுந்த காரணம் கிடைத்துவிட்டது என்று பள்ளிபாளையம் முழுக்கத் தலையாட்டியது. போலீஸும் அந்தக் காரணத்தோடு கேஸ் கட்டை மூடிவிட்டது.

"நீங்க கவலைப்படாதீங்க," என்றான் கருப்பண்ணன். "டிசைன் எல்லாத்தையும் ஃபிளாப்பியில எடுத்தாச்சு. இன்னைக்கு மூணு மணிக்கு டிஸ்க்கையே சுத்தமாத் தொடைச்சுடறேன். அதுக்கப்புறம் எதுவும் வராது."

"மூணு மணி வரைக்கும் எங்களுக்கு நேரம் இருக்கு," என்றார் நாச்சிமுத்து. "நீங்க போய் டீ குடிச்சுட்டு வாங்க."

கதவு மூடியதும் மாரக்காள் வாயைத் திறந்தாள். "ஏனுங்ணா, பூட்டுச் செஞ்சவனே சாவி இல்லைன்னு கதவை ஒடைக்கறதை நான் இன்னைக்குத்தான் பாக்கறேன்."

"அதேதான் எனக்கும் தோணுச்சு. எழுதினவனுக்கு ஒரு ஜன்னலை மூடத் தெரியல. ஒண்ணு, அவன் எழுதல. இல்லாட்டி மூடத் தெரிஞ்சும் மூடல."

"ரெண்டுல எதுங்ணா?"

"அதைத் தெரிஞ்சுக்க எழுதினவளையே கேட்டாத் தேவலை."

அவர் முக்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அங்கம்மாளுக்கு அது பிடிக்கவில்லை. "மேல உக்காருங்க சாமி" என்று பதறினார்.

"இருக்கட்டுங்க அம்மா. உங்க புள்ள இதைப் பத்தி ஏதாச்சும் எழுதி வெச்சிருந்துச்சுங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. ஆஸ்டல்ல இருந்து சாமானைக் குடுத்தப்ப ஒரு நோட்டு இருந்துச்சு. அவ கையெழுத்துன்னு கூடவே வெச்சிருக்கேன்." மஞ்சள் பையிலிருந்து ஒரு கிராஃப் நோட்டை எடுத்தார். அட்டை எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்திருந்தது. தினமும் தொட்டுப் பார்த்த கை. "ஊருல எல்லாரும் திதி குடுத்துரு, திதி குடுத்துருங்கறாங்க. இங்க இது வா வான்னு கூப்பிட்டுக்கிட்டே இருக்குது. நான் எப்படிங்க குடுப்பேன்?"

நாச்சிமுத்து நோட்டை மாரக்காளிடம் கொடுத்தார். எக்ஸ்சேஞ்சில் டெலிபிரிண்டர் தட்டிய கை அவளுடையது. இந்த மாதிரி விஷயங்களில் அவரைவிட வேகமாகப் பிடிப்பாள்.

முதல் பக்கத்திலேயே வசந்தாமணியின் கையெழுத்தில் எல்லாம் இருந்தது. கட்டளைகளுக்குத் தமிழ்ச் சொற்களையே பெயராக வைத்து, ஆங்கில எழுத்தில் தட்டும்படி செய்திருந்தாள். உண்டாக்கு. நகர்த்து. அழி. கீழே விதிகள்.

மாரக்காள் படித்தாள். "'ஒரு ஜன்னலுக்குள்ளிருந்து இன்னொரு ஜன்னலை உண்டாக்கினால், முதலாவது தாய். இரண்டாவது பிள்ளை.'"

நாச்சிமுத்து மெல்ல நிமிர்ந்தார். அங்கம்மாளின் தலை முதன்முறையாகத் திரையை விட்டுத் திரும்பியது.

"மேல படி."

"'தாயை அழிக்கும் முன் பிள்ளையை மூட வேண்டும். பிள்ளையில் எழுதியது பாதியில் நின்றால் தாய் மூடக் கூடாது. பிள்ளை இருக்கு என்று சொல்ல வேண்டும்.' இதுக்கு அடியில ஒரு கோடு போட்டு வெச்சிருக்காண்ணா."

"என்னங்க சாமி சொல்லுது அந்தப் புள்ள?" என்று கேட்டார் அங்கம்மாள்.

"பிள்ளைங்கறது இன்னொரு ஜன்னலுங்க அம்மா," என்றார் நாச்சிமுத்து. "இந்தச் சின்ன ஜன்னலுக்குள்ள இருந்து இன்னொரு ஜன்னல் தெறந்திருக்கு. அதுல எழுதினது பாதியில நிக்குது. அதனால இதை மூட முடியலைன்னு மிஷின் சொல்லுது. அவ்வளவுதான். உங்க புள்ள மேல எந்தக் குத்தமும் இல்ல."

அங்கம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தார். மூன்று மாதம் அடக்கி வைத்த அழுகை சத்தமில்லாமல் வந்தது. சின்னுசாமி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாரக்காள் இன்னும் இரண்டு வரி படித்தாள். மூடாமல் மெஷினை நிறுத்தினால், மறுநாள் விட்ட இடத்திலேயே எல்லா ஜன்னலும் திறக்க வேண்டும் என்று இருந்தது. ஆக பேய் தினமும் காலையில் வருவதற்குக் காரணம் வசந்தாமணி எழுதிய விதிதான். கடைசி நாளில் மூடாமல் போன ஜன்னல் அது.

"சரி, பிள்ளை எங்க?" என்றார் நாச்சிமுத்து.

மயில் ஒரு ஜன்னல். நிறம் ஒரு ஜன்னல். வசந்தாமணியின் முதலெழுத்தான 'வ' ஒரு ஜன்னல். நாலாவது ஜன்னல் திரையில் எங்கும் இல்லை.

மாரக்காள் பக்கங்களைப் புரட்டினாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் விரல் நின்றது. "'குறிப்பு ஜன்னல். தாய், வ. இடம், 700.' ஏனுங்க, இந்தத் திரை எத்தனை புள்ளி அகலம்?"

"அறுநூத்தி நாப்பதுங்க," என்றார் சின்னுசாமி. டிசைன்காரர்களிடம் கேட்டுக் கேட்டு அந்த ஒரு கணக்கு அவருக்கு மனப்பாடம்.

"அறுநூத்தி நாப்பது அடிக் காட்டுல எழுநூறாவது அடியில ஊடு கட்டினா, அது பக்கத்துக் காட்டுல இருக்கும்," என்றாள் மாரக்காள். "அண்ணா, புள்ள வேலிக்கு அந்தப் பக்கம் நிக்குது."

திரையின் விளிம்புக்கு வெளியே ஒரு ஜன்னல். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் திறந்தே இருக்கிறது. டிசைனை மறைக்காமல் இருக்க வசந்தாமணி தன் குறிப்புகளை அங்கே ஒதுக்கி வைத்திருந்தாள். வேண்டும்போது உள்ளே இழுத்து எழுதிவிட்டு மறுபடி வெளியே தள்ளிவிடுவாள்.

அந்த நேரம் கருப்பண்ணன் திரும்பி வந்தான். நோட்டைப் பார்த்தான். மாரக்காளின் விரல்கள் கீபோர்டில் இருப்பதைப் பார்த்தான்.

"அதைத் தொடாதீங்க. தப்பாத் தட்டினா டிசைன் எல்லாம் போயிரும்."

"ஃபிளாப்பியில எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே," என்றார் நாச்சிமுத்து.

மாரக்காள் நோட்டைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள். நகர்த்து. குறிப்பு. நூறு.

வலது விளிம்பிலிருந்து ஒரு பெரிய ஜன்னல், மயிலின் மேல் திரைச்சீலை விழுவதுபோல வழுக்கி வந்து நின்றது. நெய்த எழுத்துகளைப் போலப் புள்ளிப் புள்ளியாகத் தமிழ் வரிகள். ஒவ்வொரு வரியின் முன்னாலும் மெஷின் தானாகப் போட்ட தேதியும் நேரமும். எல்லாம் ஆடிப்பெருக்கு அன்றைய தேதி.

"படி," என்றார் நாச்சிமுத்து.

"'9.40. மயில் பார்டர், கழுத்து நிறம் மாற்றினேன்.' '11.05. ஜன்னலை அழிக்கும் இடத்தில் இருந்த தப்பைச் சரி செய்தாச்சு.' '1.15. எல்லோரும் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். நானும் கருப்பண்ணனும் மட்டும். அம்மா கச்சாயப் பலகாரம் சுட்டு வைத்திருக்கும். நாளைக்காவது ஊருக்குப் போக வேண்டும்.' '2.30. பெங்களூர்க் கம்பெனிக்குப் போன பிரதியில் என் பேரை எடுத்துவிட்டு அவர் பேரைப் போட்டிருக்கிறார். கேட்டேன். பதில் இல்லை. நாளை முதலாளியிடம் சொல்வேன்.'" அடுத்த வரியை மாரக்காள் மனதுக்குள் ஒரு தரம் படித்துவிட்டுத்தான் வெளியே சொன்னாள். "'4.05. வாசலில் விட்ட செருப்பைக் காணோம். பையையும் காணோம்.'"

நாச்சிமுத்து சின்னுசாமியைப் பார்த்தார். "பாலத்துல செருப்பும் பையும் எத்தனை மணிக்குக் கெடைச்சுது?"

"பரிசல்காரன் எடுத்துப் போலீஸ்ல குடுத்தப்ப மூணு பத்துங்க. ரெண்டு மணிக்கே வசந்தாமணி ஆத்தைப் பாக்கப் போறேன்னு கெளம்பிருச்சுன்னு..." சின்னுசாமியின் பார்வை மெல்ல நகர்ந்து கருப்பண்ணன் மேல் நின்றது. "நீதானப்பா சொன்னே."

"மிஷின் கடியாரம் சரியா ஓடாதுங்க," என்றான் கருப்பண்ணன்.

"இப்ப மிஷின்ல பன்னெண்டு ஏழு." நாச்சிமுத்து மணிக்கட்டைத் திருப்பினார். "என் வாட்ச்சுலயும் பன்னெண்டு ஏழு. மூணு மணிக்கு ஆத்துல விழுந்தவ, நாலு மணிக்கு இங்க உக்காந்து செருப்பைத் தேடிட்டு இருந்திருக்கா. இன்னும் ஒரு வரி இருக்கு. படிம்மா."

மாரக்காள் திரும்பிப் பார்த்தாள். அங்கம்மாள் கைகூப்புவதைப்போல இரண்டு கைகளையும் மோவாய்க்கு அடியில் சேர்த்து வைத்திருந்தார்.

"'4.20. ரெண்டும் பின்னால் சாயத் தண்ணீர் விடும் கிணற்று மேட்டில் கிடக்கிறது என்று கருப்பண்ணன் சொல்கிறார். நாய் இழுத்துப் போயிருக்கும். போய் எடுத்துக்கொண்டு வந்து மூடுகி'"

"அப்புறம்?"

"அவ்வளவுதான்ணா. பாதியில நிக்குது."

கருப்பண்ணன் மூன்றே எட்டில் சுவரிலிருந்த மெயின் சுவிட்ச்சை அடைந்து கீழே இழுத்தான். திரை இருண்டது. ஏசி மூச்சை நிறுத்தியது. அந்த அமைதியில் தூரத்துத் தறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

நாச்சிமுத்து எழுந்திருக்கக்கூட இல்லை. "மறுபடி போட்டா மறுபடி வரும். எழுதினவ அப்படித்தான் எழுதியிருக்கா. உனக்குத்தான் அது தெரியல."

மாரக்காள் போய்க் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். சின்னுசாமி கூப்பிட்ட குரலுக்கு, அவளுக்குப் பின்னால் தறிக்கூடத்திலிருந்து நான்கு பேர் வந்துவிட்டார்கள். கருப்பண்ணன் அவர்களைப் பார்த்தான். பிறகு சுவரில் சாய்ந்தபடியே தரையில் உட்கார்ந்தான்.

"என் பேரையும் சேத்துப் போடுன்னுதான் கேட்டேன்," என்றான், யாரையும் பார்க்காமல். "மாட்டேன்னுட்டா."

சின்னுசாமி பின்சுவரைப் பார்த்தார். "அந்தக் கிணத்துல பாம்பு ஏறுது, மூடிப்போடலாமுங்கன்னு இவந்தாங்க சொன்னான். ஆடி முடியறதுக்குள்ள நான்தானுங்க ஆள் விட்டு சிமெண்டுப் பலகை போட்டேன். சாயத் தண்ணி நாத்தம் எப்பவும் உள்ளதுதானேன்னு யாரும்..." அவர் தலைப்பாகைத் துண்டை உருவி முகத்தில் வைத்துக்கொண்டார்.

போலீஸுக்கு ஆள் போனது. கருப்பண்ணனைத் தறிக்காரர்கள் வெளியே கூட்டிப்போனார்கள். மாரக்காள் சுவிட்ச்சை மேலே தள்ளினாள். இரண்டு நிமிஷத்தில் திரை வெளிச்சமாகி, மயில் வந்தது, நிறங்கள் வந்தன, 'வ' வந்தது, அதன் பிறகு அந்த வரிகள் வந்தன.

அங்கம்மாள் முக்காலியிலிருந்து எழுந்தார். கால் மரத்துப்போயிருக்க வேண்டும். மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எத்தனை தூரமுங்க அந்தக் கெணறு?"

"இந்தச் சுவத்துக்கு அக்கட்டாலதானுங்க," என்றார் சின்னுசாமி. "பத்தடி இருக்கும்."

"மூணு மாசமா இங்கதான் உக்காந்திருந்தேன்." அதைப் புகாராக அவர் சொல்லவில்லை. "இத்தனை பக்கத்துல இருந்திருக்கா."

மாரக்காள் அங்கம்மாளின் கையைப் பிடித்தாள். அது ஐஸ் மாதிரி இருந்தது.

வெளியே ஆள் சேர்ந்துகொண்டிருந்தது. டீக்கடைக்காரர், பக்கத்துத் தறிக்காரர்கள், வேலையை விட்டுப்போன அந்த இரண்டு ஆப்பரேட்டர் பெண்கள். வாசலுக்கு உள்ளே வரத் தயங்கி நின்றார்கள்.

"கண்ணு," என்றார் அங்கம்மாள். "போலீஸு வர எத்தனை நேரமாகும்?"

"ஒரு மணி நேரம் ஆகுமுங்க அம்மா."

"அதுவரைக்கும் நான் அவகூட இருக்கேன். நீ கதவைத் தெறந்து வெச்சுட்டு, என்ற புள்ள எழுதினதை மொதல்ல இருந்து படி. அவங்களுக்கெல்லாம் கேக்கட்டும். சத்தமாப் படி சாமி, கெணத்து மேடு வரைக்கும் கேக்கோணும்."

அவர் செருப்புப் போடாமல் வெளியே இறங்கினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. சுவரைச் சுற்றிக்கொண்டு அவர் மறைகிறவரை மாரக்காள் காத்திருந்தாள். பிறகு திரைப் பக்கம் திரும்பி, தொண்டையைச் சரி செய்துகொண்டு, ஒன்பது நாற்பதிலிருந்து ஆரம்பித்தாள்.